கைமாற்றாகக் கொடுத்த 80,000 ரூபாய் திரும்பவில்லை. வக்கீல் வைக்காமல் வழக்குப் போடலாமா?

தாராளமாகப் போடலாம். உங்கள் வழக்கை நீங்களே நடத்தச் சட்டத்தில் தடையில்லை. ஆனால் முதலில் தேதியைப் பாருங்கள். தவணை எதுவும் பேசாமல் கொடுத்த கடன் என்றால், கொடுத்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்கைத் தாக்கல் செய்தாக வேண்டும். அதற்குள் கடன் வாங்கியவர் அதை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால், அன்றிலிருந்து புதிதாக 3 ஆண்டு.

புரோநோட்டு இல்லையென்றால் வங்கி ஸ்டேட்மென்ட்தான் உங்கள் பலம். கிளையில் முத்திரையோடு வாங்குங்கள். வாட்ஸ்அப் உரையாடலை வெறும் பிரிண்ட் எடுத்து நீட்டினால் போதாது. பாரதிய சாக்ஷ்ய அதினியம், அதாவது இப்போதைய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். அதில் ஒரு பகுதியில் நீங்களும், மற்றதில் ஒரு நிபுணரும் கையெழுத்திட வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். அந்த போனை விற்றுவிடாதீர்கள்.

அப்புறம் ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பிராதில், அதாவது கோர்ட்டில் கொடுக்கும் வழக்கு மனுவில், கோபத்தைக் கொட்ட வேண்டாம். தேதி, தொகை, கொடுத்த விதம், கேட்ட நாள் போதும். தமிழ்நாட்டில் கோர்ட் கட்டணம் 3 சதவீதம், அதாவது 2,400 ரூபாய்.

என்னைக் கேட்டால், அதைக் கட்டும் முன் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு கொடுங்கள். கட்டணமில்லை, லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) சமரசமானால் அந்த உத்தரவு கோர்ட் தீர்ப்புக்குச் சமம்.