பெரிய கடையோடு கைகோக்கும் முன்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் மூன்று பேர் சேர்ந்து மசாலாத்தூள் கம்பெனி தொடங்கி ஓராண்டாகிறது. ஒரு பெரிய சூப்பர்மார்க்கெட் தொடர் எங்களைச் சப்ளையராகச் சேர அழைக்கிறது. 60 நாள் கடன். கையெழுத்துப் போடலாமா?

பதில்: அந்த 60 நாளை முதலில் எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் அது பில் தேதியிலிருந்து ஓடாது, மாதக் கடைசி ஸ்டேட்மென்டிலிருந்து ஓடும். மாதம் 1,00,000 ராண்டுக்குச் சரக்கு, அதற்கு மிளகாய், மல்லி, பாக்கெட், கூலி, வண்டி எல்லாம் சேர்த்து 70,000 ராண்ட் செலவு என்று வைத்துக்கொள்வோம். ஜனவரிச் சரக்குக்கு மார்ச் கடைசியில்தான் பணம். அதற்குள் 2,10,000 ராண்ட் உங்கள் கையிலிருந்து போயிருக்கும். வருகிற பணத்திலும் ரிபேட், விளம்பரப் பங்கு, திரும்பிய சரக்கு என்று பிடித்துக்கொள்வார்கள். வாட் பதிவு செய்த கம்பெனி என்றால் 15% வரி பில் போட்டதுமே கணக்கில் ஏறிவிடும். கடைக்காரர் பணம் தந்தாரா என்று வரித்துறையான சார்ஸ் கேட்காது. ஆர்டர் கூடக் கூடப் பற்றாக்குறையும் கூடும். லாபத்தில் ஓடும் சின்னக் கம்பெனிகள் படுத்துவிடுவது இப்படித்தான்.

30 நாள் கேளுங்கள். மறுத்தால் ஐந்தாறு கிளை, இரண்டே வகைத் தூள் என்று தொடங்குங்கள்.

பிரொப்ரைட்டரி லிமிடெட், அதாவது கடன் கம்பெனியோடு நிற்கும் தனியார் கம்பெனி, என்பதால் வீடு தப்பும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். இந்த ஆர்டருக்காக வங்கியிலோ பாக்கெட் சப்ளையரிடமோ கடன் கேட்கும்போது, விண்ணப்பத்துக்குள்ளேயே இயக்குநரின் சொந்த ஜாமீன் இருக்கும். உச்சத்தொகை எழுதாத ஜாமீனில் கையெழுத்து வேண்டாம்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 61ஆம் பிரிவுப்படி, கெட்ட பொருளால் தீங்கு நேர்ந்தால் கவனக்குறைவை நிரூபிக்காமலே தயாரித்தவர் பொறுப்பாவார். மிளகாய்த்தூளில் ‘சூடான்’ என்ற தடைசெய்த சிவப்புச் சாயம் கலந்து வருவது தெரிந்த சங்கதிதானே! வாங்கும் மூட்டைக்கு ஆய்வகச் சான்று வாங்குங்கள். ஒவ்வொரு பேட்ச்சிலும் மாதிரி எடுத்து வையுங்கள். எந்த பேட்ச் எந்தக் கிளைக்குப் போனது என்றும் எழுதி வையுங்கள். அந்தப் பதிவு இல்லாவிட்டால், ஒரு பேட்ச் கெட்டதற்கு மொத்தச் சரக்கையும் திரும்ப எடுக்க நேரும். இன்சூரன்ஸும் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் தூள் நன்றாக ஓடுவதைப் பார்த்து அவர்களே சொந்தப் பிராண்டில் போட்டுவிட்டால்?

பதில்: போடலாம், தடுக்க முடியாது. இணையச் சந்தைகளை விசாரித்த போட்டி ஆணையம் 2023இல், தன் சரக்கையும் பிறர் சரக்கையும் விற்கும் இணையக்கடையான டேக்அலாட் தன் சில்லறைப் பிரிவைச் சந்தைப் பிரிவிலிருந்து பிரித்து வைக்க வேண்டும் என்றதும் இதுபோன்ற கவலையால்தான். லேபிளுக்கு வேண்டிய பொருள் பட்டியலைக் கொடுங்கள், அளவு விகிதத்தைக் கொடுக்காதீர்கள். பெயரைக் கம்பெனி, வணிகக்குறிப் பதிவகமான சிஐபிசியில், மசாலா அடங்கும் 30ஆம் வகுப்பில் வணிகக்குறியாகப் பதியுங்கள். ‘வேறெங்கும் விற்கக்கூடாது’ என்ற விதி இருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள். பிடிவாதம் பிடித்தால் ஆறு மாதத்துக்கு மேல் ஒப்புக்கொள்ள வேண்டாம்.