போர் தொடுத்ததற்காகவா புதினுக்கு வாரண்ட்?

கேள்வி: கல்லூரி விவாத மேடையில், ‘போர் தொடுத்ததற்காகப் புதினுக்கு சர்வதேச நீதிமன்றம் கைது வாரண்ட் பிறப்பித்துள்ளது’ என்று பேசப்போகிறேன். ‘அப்படியானால் டெல்லி வந்தபோது ஏன் கைது செய்யவில்லை?’ என்று எதிரணி மடக்கினால் என்ன சொல்வது?

பதில்: அந்த முதல் வரியே உங்கள் காலை வாரிவிடும், மாற்றிவிடுங்கள். 2023 மார்ச் 17 அன்று வாரண்ட் பிறப்பித்தது, தனிமனிதர்களை விசாரிக்கும் சர்வதேச குற்றவியல் நீதிமன்றம். நாடுகளுக்கிடையிலான வழக்குகளைப் பார்க்கும் சர்வதேச நீதிமன்றம் வேறு. இரண்டுமே நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் இருப்பதால் பலரும் குழம்புகிறார்கள். ரஷ்யா பிடித்த பகுதிகளிலிருந்து உக்ரைன் குழந்தைகளைச் சட்டவிரோதமாக ரஷ்யாவுக்குக் கொண்டுபோனதுதான் வாரண்டில் உள்ள குற்றச்சாட்டு. போர் தொடுத்தது அதில் இல்லவே இல்லை.

போர் சட்டப்படி சரி என்று இதற்குப் பொருளல்ல. ஐ.நா. சாசனத்தின் 2(4) பிரிவு அடுத்த நாட்டின் மீது படைபலத்தை ஏவத் தடை விதிக்கிறது. தற்காப்புக்கும் பாதுகாப்பு கவுன்சில் அனுமதித்த நடவடிக்கைக்கும்தான் விலக்கு. 2022 மார்ச்சில் பொதுச்சபையில் 141 நாடுகள் ரஷ்யாவின் ஆக்கிரமிப்பைக் கண்டித்து வாக்களித்தன.

தலைவரைக் கூண்டில் ஏற்றுவதில்தான் சிக்கல். போர் தொடுப்பதை, அதாவது ஆக்கிரமிப்புக் குற்றத்தை விசாரிக்கும் அதிகாரம் சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்துக்கு 2018 ஜூலையில்தான் வந்தது. அதுவும் அந்த நீதிமன்றத்தை உருவாக்கிய ஒப்பந்தமான ரோம் சாசனத்தில் சேராத நாட்டின் குடிமக்கள் மீது செல்லாது; ரஷ்யா சேரவில்லை. பாதுகாப்பு கவுன்சில் வழக்கை அனுப்பினால் விசாரிக்கலாம், ஆனால் அங்கே ரஷ்யாவுக்கே வீட்டோ இருக்கிறது. போர்க்குற்றத்துக்கு இந்தத் தடை இல்லை. குற்றம் உக்ரைன் மண்ணில் நடந்தது, நீதிமன்றத்தின் அதிகாரத்தை உக்ரைன் ஏற்றிருந்தது, அது போதும். போர் தொடுப்பதே உச்சபட்ச சர்வதேசக் குற்றம் என்று 1946-இலேயே நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பெர்க் தீர்ப்பு சொன்னது. அந்தக் குற்றத்துக்கு மட்டும் நாடுகள் தெரிந்தே இப்படி ஒரு ஓட்டையை விட்டுவைத்தது பெரிய அநியாயம். அதை அடைக்கத்தான் 2025 ஜூனில் உக்ரைனும், மனித உரிமை அமைப்பான ஐரோப்பிய கவுன்சிலும் (Council of Europe) தனித் தீர்ப்பாயத்துக்கு ஒப்பந்தம் போட்டன. ஆனால் அங்கேயும் பதவியில் இருக்கும்வரை அதிபர் மீதான வழக்கு நகராது.

டெல்லிக்கு வருவோம். இந்தியா ரோம் சாசனத்தில் சேரவில்லை. 2025 டிசம்பரில் புதின் வந்தபோது கைது செய்யும் கடமை நமக்கு இல்லை. மங்கோலியா உறுப்பு நாடு. 2024 செப்டம்பரில் வந்தவரைக் கைது செய்யாமல் விட்டதால், கடமை தவறியது என்று நீதிமன்றம் அதன்மீது தீர்ப்பளித்தது. ‘அப்படியென்றால் வாரண்ட் வெறும் காகிதம்தானே?’ என்று எதிரணி கேட்டால், தென்னாப்பிரிக்காவில் நடந்த 2023 பிரிக்ஸ் மாநாட்டைச் சொல்லுங்கள்: அந்த நாடும் ரோம் சாசனத்தில் உறுப்பு நாடு என்பதால் புதின் நேரில் போகாமல் காணொளியில்தான் பேசினார். இந்தக் குற்றங்களுக்குக் காலாவதியும் கிடையாது.