கோச் கத்தினால் அம்பயர் என்ன செய்வார்?

கேள்வி: என் மகன் லிட்டில் லீக் என்ற சிறுவர் பேஸ்பால் அமைப்பில் ஆடுகிறான். கோச் ஒவ்வொரு பந்துக்கும் அம்பயரைப் பார்த்துக் கத்துகிறார். அம்பயர் ஏன் சும்மா இருக்கிறார்?
- வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

பதில்: சும்மா இல்லை அம்மா. நானும் சனிக்கிழமைகளில், பந்தை அடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் அம்பயராக நிற்பவன். முதல் முணுமுணுப்பைக் கண்டுகொள்ள மாட்டேன். தொடர்ந்தால், இன்னிங்ஸ் இடைவெளியில் பிள்ளைகள் காதில் விழாமல் எச்சரிப்பேன். விதியையே தவறாகப் பொருத்திவிட்டேன் என்றால் மேனேஜர், அதாவது அணியின் தலைமைக் கோச், தாராளமாக வந்து கேட்கலாம். வீசிய பந்து அடிக்கும் எல்லைக்குள் வந்ததா (ஸ்டிரைக்), விலகிப் போனதா (பால்), ஓடியவர் அவுட்டா, தப்பினாரா (சேஃப்) என்பது அம்பயரின் கணிப்பு. அதில் வாதத்துக்கு இடமில்லை. மீறினால் வெளியேற்றம்தான். அப்புறம் பார்வையாளர் வரிசையில்கூட உட்காரக் கூடாது. அடுத்த ஆட்டமும் கிடையாது. பிள்ளைகளையே திட்டும் கோச்சிடம் மட்டும் எனக்கு அந்த முதல் பொறுமையும் வராது. உங்கள் லீக் நிர்வாகத்துக்கு நீங்களும் எழுதுங்கள். தேதி, ஆட்டம், சொன்ன வார்த்தை எல்லாவற்றோடும்.