யாளிக்குச் சொந்தம் யானை, டிராகனுக்குச் சொந்தம் உடும்பு

போன இதழில் ஒரு வாசகர், டிராகன் நிஜமாக இருந்திருந்தால் எந்த விலங்குக்குச் சொந்தமாக இருந்திருக்கும் என்று போகிற போக்கில் கேட்டிருந்தார். நானும் "உடும்புக்கு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது. அதற்கப்புறம் வந்த தபாலில் பாதிக்கு மேல் டிராகன்தான். சர்க்கரை நோய், தென்னைமரத்து வண்டு கேள்விகள் எல்லாம் அடுத்த இதழுக்கு. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கே: நான் ஒரு மாயாஜாலத் தொடர்கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். என் உலகத்தில் நெருப்பு டிராகன், பனி டிராகன், மின்னல் டிராகன், விஷ டிராகன் என்று நான்கு இனம். விலங்கியல்படி இது சரியா சார்? (கல்லூரி மாணவி, திருமங்கலம்)

ப: கதைக்குச் சரி. விலங்கியலுக்குச் சரியில்லை. மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் போய், பச்சையாகவும் நீளமாகவும் இருப்பதையெல்லாம் ஒரே சாக்கில் போட்டுக் கட்டி, இதெல்லாம் ஒரு குடும்பம் என்று சொன்னால் கடைக்காரரே சிரிப்பார். முருங்கைக்காயும் புடலங்காயும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி தொங்கும், ஆனால் புடலைக்குச் சொந்தம் பூசணி. கத்தரிக்காய்க்குச் சொந்தம் தக்காளியும் மிளகாயும். பார்த்தால் தெரியவே தெரியாது, பூவைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

டிராகனுக்கும் அப்படித்தான். வாயிலிருந்து என்ன வருகிறது என்பதை வைத்துப் பிரிக்காதீர்கள், எலும்பை வைத்துப் பிரியுங்கள். நல்லபாம்புக்கும் விஷம், தேளுக்கும் விஷம், அதனால் இரண்டும் பங்காளியா என்ன?

நெருப்பு வேண்டுமென்றால் அதற்கும் ஒரு வழி இருக்கிறது. பொம்பார்டியர் என்று ஒரு வண்டு, வயிற்றில் ஒரு பைக்குள் இரண்டு ரசாயனங்களைச் சேர்த்து வைத்திருக்கும். ஒன்று ஹைட்ரஜன் பெராக்சைடு, இன்னொன்று ஹைட்ரோகுயினோன். எறும்பு கடிக்க வந்தால் இரண்டையும் கெட்டியான சுவருள்ள ஓர் அறைக்குள் விட்டு, நொதியைச் சேர்த்து, கிட்டத்தட்ட 100 டிகிரி சூட்டில் வெளியே பீய்ச்சும். உங்கள் டிராகனின் கொள்ளுத்தாத்தாவும் முதலில் இப்படிச் சுடுதண்ணீர் பீய்ச்சியவராக இருக்கட்டும். அவர் வம்சத்தில் ஒரு கிளைக்கு அது தீயாக மாறியது, இன்னொரு கிளைக்கு விஷமாக நின்றது, மூன்றாவது கிளை குளிர்ப் பிரதேசத்துக்குப் போய் அந்தப் பையையே தொலைத்தது. அப்போது உங்கள் நெருப்பு டிராகனும் ஒன்றுமே ஊதாத டிராகனும் கூடப்பிறந்தவர்களாக ஆகிவிடுவார்கள். கதைக்கும் இது நல்லதுதானே?

கே: சில படங்களில் டிராகனுக்கு நான்கு கால், இரண்டு இறக்கை. சில படங்களில் இரண்டு கால், இரண்டு இறக்கை. எது ஒரிஜினல்? (பத்தாம் வகுப்பு மாணவர், மேலூர்)

ப: தம்பி, இந்த மாதம் வந்ததிலேயே நல்ல கேள்வி இதுதான். அடுத்த முறை வீட்டில் கோழி எடுக்கும்போது இறக்கைத் துண்டை உனக்கு வைக்கச் சொல். கறியைத் தின்றுவிட்டு எலும்பை எறியாமல் தட்டில் பரப்பிப் பார். மேலே ஒற்றை எலும்பு, அடுத்து இரண்டு எலும்பு, நுனியில் ஒட்டிப்போன விரல்கள். இப்போது உன் கையைத் தடவிப் பார், அதே கணக்கு. கோழி இறக்கை என்பது கைதான். வௌவாலுக்கும் கைதான், விரல்களை நீட்டிச் சவ்வு போர்த்திக்கொண்டது. டைனோசர் காலத்தில் பறந்த டெரோசருக்கு நான்காவது விரல் ஒன்று மட்டும் நீண்டு மொத்த இறக்கையையும் தாங்கியது. மூன்று கூட்டமும் தனித்தனியாகப் பறக்கக் கற்றவை, ஆனால் மூன்றுமே விலையாகக் கொடுத்தது கையைத்தான். புதிதாக ஒரு ஜோடி கிடைத்தவர் யாரும் கிடையாது.

ஏனென்றால், நிலத்துக்கு ஏறிவந்த நம் மூதாதை மீனுக்கு இருந்ததே இரண்டு ஜோடித் துடுப்பு. டிக்டாலிக் என்று கனடாவின் வட கோடியில் கிடைத்த புதைபடிவம், 37.5 கோடி ஆண்டு பழையது. துடுப்புக்குள்ளேயே மணிக்கட்டு மாதிரி எலும்பு வந்துவிட்ட மீன் அது. அன்றைக்குப் போட்ட நான்கு என்ற கணக்குதான் தவளைக்கும் மாட்டுக்கும் உனக்கும் எனக்கும் இன்றுவரை ஓடுகிறது.

ஆகவே இரண்டு கால் டிராகன் நம் உலகத்து விதிக்குள் வந்துவிடும். நான்கு கால் டிராகன் வேண்டுமென்றால் மூன்று ஜோடித் துடுப்புள்ள மீனிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அப்படி ஆரம்பித்தால் டிராகனோடு நிற்காது. அந்த உலகத்து அலங்காநல்லூரில் வாடிவாசலைத் தாண்டி வருகிற காளைக்கு ஆறு கால் இருக்கும், திமிலைப் பிடிக்கப் பாய்கிற பையனுக்கு நான்கு கை இருக்கும். யார் ஜெயிப்பார் என்று நீயே எழுதி அனுப்பு.

இன்னொரு குறுக்குவழியும் உண்டு, எனக்குப் பிடித்தது இதுதான். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் பாக்குத் தோட்டங்களிலும் பறக்கும் ஓணான் ஒன்று இருக்கிறது. அறிவியல் பெயரே டிராகோ. அதற்கு நான்கு காலும் அப்படியே இருக்கும். இறக்கையாக விரிவது விலா எலும்பு! நீண்ட விலா எலும்புகளைக் குடைக்கம்பி மாதிரி விரித்து, மரத்துக்கு மரம் சறுக்கிப் போகும். முன்னங்கால்களால் அந்தச் சவ்வின் விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் பறக்கிறது என்று 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொன்னது. நாம் போர்வையின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு திண்ணையிலிருந்து குதிப்போமே, அதே மாதிரி. ஒரே குறை, அடித்துப் பறக்க முடியாது. மேலேயிருந்து கீழே சறுக்கத்தான் முடியும். ஆகவே விலா இறக்கை டிராகன்களை மலையடிவாரத்தில் குடியேற்றுங்கள், வயல்வெளியில் விடாதீர்கள்.

கே: நம்ம மீனாட்சியம்மன் கோயில் யாளியும் டிராகனும் ஒன்றுதான் என்கிறான் என் மகன். இல்லை என்கிறேன் நான். தீர்ப்புச் சொல்லுங்கள். (இல்லத்தரசி, மதுரை)

ப: நீங்கள்தான் ஜெயித்தீர்கள் அம்மா. ஆயிரங்கால் மண்டபத்துக்கு (எண்ணினால் 985 தூண்தான்) மகனைக் கூட்டிக்கொண்டு போய் யாளித் தூண் ஒன்றின் முன்னால் நிறுத்துங்கள். முதலில் காது. மடலோடு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற காது பாலூட்டிக்குத்தான் உண்டு, பல்லிக்கும் முதலைக்கும் கிடையாது. அப்புறம் பிடரி. சுருள் சுருளாகச் செதுக்கியிருப்பது மயிர், செதில் இல்லை. பல்லையும் பாருங்கள், கோரைப்பல் வேறு, கடைவாய்ப்பல் வேறு என்று வகை பிரிந்திருக்கும். ஊர்வனவற்றுக்குப் பெரும்பாலும் வரிசையாக ஒரே மாதிரிப் பல். சிற்பி விலங்கியல் படித்தவர் இல்லை, ஆனால் தூண் தூணாக ஒரே பிராணியைத்தான் செதுக்கியிருக்கிறார்.

பாலூட்டி வம்சமும் ஊர்வன வம்சமும் பிரிந்து 30 கோடி ஆண்டுக்கு மேல் ஆகிறது. யாளிக்கும் டிராகனுக்கும் உறவு அவ்வளவு தூரம். சிங்க உடம்பு, யானைத் துதிக்கை என்பதால் சிங்கத்துக்குச் சொந்தமா யானைக்குச் சொந்தமா என்று சண்டை போடலாம். என் ஓட்டு யானைக்கு. காரணம் மகரம். தோரணத்தின் இரண்டு பக்கமும் இருக்குமே, துதிக்கை, முதலை வாய், மீன் வால். யானைக்கு இன்று உயிரோடு இருக்கிற நெருங்கிய உறவுகளில் ஒன்று, பாக் நீரிணையில் கடற்புல் மேய்கிற ஆவுளியா என்கிற கடற்பசு. பின்னங்கால் போய் மீன் மாதிரி வால் வந்த பிராணி. யாளிக் கூட்டத்திலிருந்து ஒரு கிளை இதே மாதிரி தண்ணீருக்குள் இறங்கியிருந்தால் வருவதுதான் மகரம். அந்த முதலை வாய் மட்டும் மீன் பிடித்துப் பிடித்துத் தனியாக நீண்டது என்று வைத்துக்கொள்ளலாம். நான் சொல்வது கற்பனைதான். ஆகம விவரம் தெரிந்தவர்கள் சண்டைக்கு வந்துவிடாதீர்கள்.

கே: மதுரையைச் சுற்றி வளைத்து எல்லை காட்டிய பாம்பு, மலையாகிப்போன நாகமலை, இவையெல்லாம் டிராகன் கணக்கில் வராதா? (நாகமலை புதுக்கோட்டை வாசகர்)

ப: வரும், காலைத் தொலைத்த கிளையாக. திருவிளையாடற் புராணப்படி சமணர்கள் ஏவிவிட்ட யானை, பாம்பு, பசு மூன்றும்தான் யானைமலை, நாகமலை, பசுமலை. கால் போவது ஒன்றும் அதிசயமில்லை, எல்லாப் பாம்பும் கால் இருந்த பல்லிக் கூட்டத்திலிருந்து வந்ததுதான். மலைப்பாம்பின் வாலடிப் பக்கம் இன்றும் இரண்டு சின்ன நகம் துருத்திக்கொண்டிருக்கும், அது பின்னங்காலின் மிச்சம்.

பெரிய பாம்பு வேண்டுமா? குஜராத் கச்சில் ஒரு பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த 27 முதுகெலும்புகளை ஆராய்ந்து, ரூர்க்கி ஐஐடி ஆய்வாளர்கள் 2024இல் ஒரு பாம்பை அறிவித்தார்கள். சுமார் 4.7 கோடி ஆண்டுக்கு முந்தையது, நீளம் 11 முதல் 15 மீட்டர் வரை இருக்கலாம். பெயர் வாசுகி இண்டிகஸ். எல்லை காட்ட இது போதாது, ஆனால் உங்கள் தெருவை அடைத்துப் படுக்கும்.

கே: யானைமலை அளவுக்கு ஒரு டிராகன் பறக்குமா? (ஒத்தக்கடை வாசகர்)

ப: பறக்காது. நடந்தாலே அதிசயம். உருவம் எல்லாப் பக்கமும் இரண்டு மடங்கானால் இறக்கையின் பரப்பு நான்கு மடங்காகும், எடையோ எட்டு மடங்காகும். இறக்கையால் எடையை எட்டிப்பிடிக்கவே முடியாது. இதுவரை பறந்ததிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று கெட்சல்கோட்லஸ் என்ற டெரோசர், இறக்கை விரித்தால் 10 மீட்டர் போல. ஒரு டவுன் பஸ் என்று வையுங்கள். அதற்கு மேல் போக வேண்டுமானால் உங்கள் உலகத்தில் ஈர்ப்பு விசையைக் குறையுங்கள், இல்லை காற்றை அடர்த்தியாக்குங்கள்.

கே: டிராகன் பழம் எந்த டிராகனிடமிருந்து வருகிறது? (பெயர் எழுதாதவர், வாடிப்பட்டி)

ப: கள்ளியிடமிருந்து.

கே: என் கதையில் ராணி டிராகன் ஒன்றுதான் உலகத்தில் மிச்சம். அது துணையில்லாமல் முட்டையிட்டு இளவரசி பிறக்கிறாள். நம்புவார்களா? (உசிலம்பட்டி வாசகி)

ப: பாதி நம்புவார்கள். கொமோடோ டிராகன் என்று பெயரிலேயே டிராகனை வைத்திருக்கும் இந்தோனேசிய உடும்பு, ஆண் துணை இல்லாமலே முட்டையிட்டுக் குஞ்சு பொரித்ததை 2006இல் இங்கிலாந்து மிருகக்காட்சிசாலைகளில் கண்டுபிடித்தார்கள். ஆனால் ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிற குரோமோசோம் ஜோடி மனிதர்களில் ஆணுக்குத்தான் வேறு வேறு, கொமோடோவுக்கு அது தலைகீழ், பெண்ணுக்குத்தான் வேறு வேறு. துணையில்லாத முட்டை தன்னிடம் இருக்கிற ஒன்றையே இரட்டிப்பாக்கிக்கொள்வதால் ஜோடி ஒரே மாதிரி ஆகிவிடும், அதனால் அப்படிப் பிறக்கிற குஞ்சு எல்லாமே ஆண். உங்கள் ராணிக்கு இளவரசன் பிறப்பான், இளவரசி பிறக்க மாட்டாள். அந்த அத்தியாயத்தை மட்டும் அடித்துவிட்டு எழுதிவிடுங்கள்.