நாளைக்கு வரச் சொல்லாத கடை

கேள்வி: வீட்டின் முன்னறையில் சில ஆண்டுகளாக பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். தையலைக் குறை சொன்னவர் எவருமில்லை. ஆனாலும் ஒருமுறை வந்தவர்களில் பலர் அடுத்த முறை கடைத்தெருவுக்குப் போய்விடுகிறார்கள். புதுப் பெயர்ப்பலகை வைத்து, அறைக்கு ஏசி போட்டால் வாடிக்கை நிலைக்குமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: ஏசியும் பெயர்ப்பலகையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் உங்கள் ரசீதுப் புத்தகத்தை எடுத்து, கடைசி 30 ரசீதுகளில் எழுதிக் கொடுத்த தேதியன்று துணி தயாராக இருந்தவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். தையல் கடைகளைப் பற்றிய பேச்சில் தையலைவிடச் சொன்ன தேதி தவறுவதுதான் அதிகம் அடிபடுகிறது. செவ்வாய்க்கிழமை தருவதாகச் சொல்லி, அன்று போனால் "கொக்கி மட்டும்தான் வைக்கணும், நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டு, மறுநாள் போகும்போது லைனிங் துணியே வெட்டாமல் கிடக்கும் கடைக்கு, எவ்வளவு நேர்த்தியாகத் தைத்தாலும், கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை எடுத்தவர் தம் துணியை நம்பிக் கொடுக்க மாட்டார்.

தேதியை வாடிக்கையாளரின் அவசரத்தைப் பார்த்துச் சொல்லாமல், கையிலிருக்கும் வேலையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். லைனிங் வைத்த பிளவுஸ் ஒரு நாளில் 4 தைக்க முடியுமென்றால், நாட்காட்டியில் ஒவ்வொரு தேதிக்கும் 3 மட்டும் எழுதிக்கொண்டு, மீதி நேரத்தை ஆல்டரேஷனுக்கும் மின்தடைக்கும் விட்டுவையுங்கள். மூன்றும் நிரம்பிய தேதியை யார் கேட்டாலும் இடமில்லை என்று சொல்லிவிட வேண்டும் (இந்த உறுதி பெரும்பாலும் சொந்தக்காரர்களிடம்தான் தளரும்). தீபாவளிக்கும் ஆவணி, தை முகூர்த்தங்களுக்கும் எந்தத் தேதிவரை துணி வாங்குவீர்கள் என்பதை முன்கூட்டியே வாசலில் எழுதி ஒட்டுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் தாமதமாகும் என்று தெரிந்தால், அவர் கிளம்பி வருவதற்கு முன்பே, முதல் நாள் மாலையில் நீங்களே அழைத்துச் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது, துணி வாங்கும் அந்த ஐந்து நிமிடம். அளவு பிளவுஸை வாங்கி மடித்து வைத்துவிடாமல், அது இப்போது எங்கே பிடிக்கிறது, எங்கே தளர்கிறது என்று கேட்டு, கழுத்தின் இறக்கம், கையின் நீளம், கொக்கி முன்பக்கமா பின்பக்கமா, லைனிங் யார் வாங்குவது, கூலி எவ்வளவு ஆகிய அனைத்தையும் ரசீதில் எழுதி, துணியின் ஓரத்தில் சிறு துண்டு வெட்டி உங்களிடம் இருக்கும் நகலில் பின் செய்துவிட்டால், பிறகு "நான் அப்படிச் சொல்லவில்லையே" என்ற பேச்சுக்கே இடமிருக்காது. அளவுகளைப் பெயர்வாரியாக ஒரு நோட்டிலும் ஏற்றி வையுங்கள். அடுத்த முறை அவர் வெறும் துணியோடு வந்தால் போதும். கூலிப் பட்டியலைச் சுவரில் மாட்டுவதற்குச் சிலர் கூச்சப்படுகிறார்கள். "பார்த்துக் கொடுங்கள்" என்பது மரியாதையான சொல்லாகத் தோன்றினாலும், எவ்வளவு கொடுப்பது என்று புரியாமல் வாடிக்கையாளர்தான் தவிக்கிறார்.

கேள்வி: ரெடிமேட் துணிக்கடை நடத்துகிறேன். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று பில்லில் அச்சடித்திருக்கிறேன். அப்படியும் தகராறு வருகிறதே?
– வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: அச்சடித்துவிட்டதாலேயே அது செல்லுபடியாகிவிடாது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறைபாடுள்ள பொருளை, பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள், காலம் எதுவும் குறிப்பிடவில்லையென்றால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுக்கொண்டு பணத்தைத் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறையாகும். முறைப்படி பில் கொடுக்காமல் இருப்பதும் அதே பட்டியலில்தான் வருகிறது. தையல் பிரிந்த சட்டையோடு வருபவரிடம் வாதாடுவதில் பயனில்லை. அளவு சேரவில்லை, நிறம் பிடிக்கவில்லை என்று வருவது வேறு. அதற்கு இந்தப் பிரிவு உங்களைக் கட்டுப்படுத்தாது. என்றாலும், பில்லும் டேக்கும் இருந்தால் 7 நாட்களுக்குள் மாற்றித் தருவோம், உள்ளாடைகளுக்கு மட்டும் இது பொருந்தாது என்பதுபோல ஒரு வரியைத் தமிழில், படிக்கக்கூடிய எழுத்தில் அச்சடித்து, பணம் வாங்கும்போதே வாயாலும் சொல்லிவிடுங்கள். பெரும்பாலான தகராறுகள், விற்கும்போது சொல்லாததைத் திரும்பி வரும்போது சொல்வதால்தான் எழுகின்றன.

கேள்வி: குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரங்களைப் பழுது பார்க்கிறேன். வேலை நடுவே போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. எடுத்தால் வேலை கெடுகிறது, எடுக்காவிட்டால் ஆள் போய்விடுகிறார்.
– வாசகர், தென்காசி

பதில்: கட்டணமின்றிக் கிடைக்கும் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில், வேலை நேரத்தைக் குறித்து வைக்கவும், நீங்கள் இல்லாதபோது தானாகச் செல்லும் பதிலை எழுதி வைக்கவும் வசதி உண்டு. அந்தப் பதிலில் "விரைவில் தொடர்புகொள்கிறோம்" என்று பொதுவாக எழுதாமல், "மதியம் 1 மணி முதல் 2 மணிக்குள் அழைக்கிறேன், இயந்திரத்தின் படத்தையும் உங்கள் தெருவின் பெயரையும் அனுப்பிவையுங்கள்" என்று எழுதுங்கள். படம் வந்துவிட்டால் எந்த ஃபில்டர், என்ன விலை என்பதை அழைக்கும்போதே சொல்லிவிடலாம். உதிரிபாகத்தை எடுத்து வர இரண்டாம் முறை அலையவும் வேண்டாம். கூகுள் மேப்பில் கடை பதிவாகியிருந்தால், அமாவாசைக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் அடைக்கும் நாட்களை அதிலும் குறித்துவிடுங்கள்.