தொழில் இதழில் செய்தி வரவேண்டுமா? – கேள்வி பதில்

கேள்வி: நூற்பாலைகளுக்கு ஸ்பிண்டில் டேப் (நூல் முறுக்கும் கதிர்களைச் சுழற்றும் பட்டை) தயாரிக்கிறோம். மின்சாரம் மிச்சமாகும் புது டேப்பைப் பற்றி மூன்று ஜவுளி இதழ்களுக்குக் கேட்டலாக் அனுப்பினோம். ஒன்றிலும் வரவில்லையே, ஏன்? – வாசகர், கோவை

பதில்: கேட்டலாக் விலை கேட்டு வருகிறவருக்கு. ஆசிரியருக்கு வேண்டியது செய்தி: ஒரே பக்கம், 250 முதல் 300 சொற்கள், வேர்ட் கோப்பு. பிடிஎஃப்பிலிருந்து எழுத்தை உருவி எடுக்க, பக்கம் முடிக்கும் அவசரத்தில் யாருக்கும் நேரமிருக்காது.

"உலகத் தரம் வாய்ந்த ஒப்பற்ற டேப்" என்று தொடங்காதீர்கள். இதழைப் படிப்பவர் மில்லில் நூற்பைக் கவனிக்கும் ஸ்பின்னிங் மாஸ்டர். எந்த கவுன்ட் (நூலின் நம்பர்), என்ன வேகம், முன்பு யூகேஜி (ஒரு கிலோ நூலுக்கு ஆகும் மின்சார யூனிட்) எவ்வளவு, இப்போது எவ்வளவு என்றுதான் அவர் பார்ப்பார். "40-ம் நம்பர் கோம்டு, 1,200 ஸ்பிண்டில் ரிங் ஃபிரேம், 18,000 ஆர்பிஎம்" என்று ஓட்டிய நிலைமையை (நூல், நூற்பு மெஷின், வேகம்) முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டு, மீட்டர் காட்டிய எண்ணைப் போடுங்கள். ஒரே மெஷினில் டேப் மாற்றும் முன்பும் பின்பும் எடுத்த அளவாக இருக்க வேண்டும். இரண்டு மெஷின்களை ஒப்பிட்டால், வித்தியாசம் மோட்டாரால் வந்ததா டேப்பால் வந்ததா என்று சொல்ல முடியாது.

இன்னொன்றை மறக்கவே கூடாது. டேப் வழுக்கினாலும் மின்சாரம் குறையும். ஆனால் ஸ்பிண்டில் வேகம் விழுந்து நூலில் முறுக்கும் குறைந்துவிடும். விஷயம் தெரிந்தவருக்கு முதலில் எழும் சந்தேகமே இதுதான். ஸ்ட்ரோபோஸ்கோப்பில் எடுத்த வேகத்தையும் டிபிஐ (ஓர் அங்குல நூலில் எத்தனை முறுக்கு) அளவையும் சேர்த்துக் கொடுத்தால் அந்தச் சந்தேகம் எழாது. சிட்ரா (கோவையிலுள்ள ஜவுளி ஆராய்ச்சி நிறுவனம்) போன்ற வெளி நிறுவனத்தின் சோதனை அறிக்கை இருந்தால் இணைத்து அனுப்புங்கள். மில்லின் பெயரைப் போடுவதானால் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள்.

படம் டேப் சுருளாக வேண்டாம், மெஷினில் பூட்டிய நிலையில் இருக்கட்டும். 10 சென்டிமீட்டர் அகலத்துக்கு அச்சிட சுமார் 1,200 பிக்சல் தேவை. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். மின்னஞ்சலில் தனிக் கோப்பாக அனுப்புங்கள்.

கேள்வி: டேப்புக்குக் காப்புரிமை வாங்கும் எண்ணமும் உண்டு. எதை முதலில் செய்வது?

பதில்: விண்ணப்பம்தான் முதலில், சந்தேகமே வேண்டாம். டேப்பின் அமைப்பை நீங்களே இதழில் விவரித்துவிட்டால் அது புதுமை இழந்துவிடும். பிறகு போடும் விண்ணப்பத்தை அந்தச் செய்தியைக் காட்டியே நிராகரிக்கலாம். அரசு அறிவிக்கை செய்த கண்காட்சி போன்ற ஒருசில விதிவிலக்குகள் உண்டு. தொழில் இதழுக்கு அந்தச் சலுகை கிடையாது. சென்னை காப்புரிமை அலுவலகத்தில் தற்காலிக விண்ணப்பம் போட்டுத் தேதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். முழு விவரக் குறிப்பைத் தர 12 மாதம் அவகாசம் இருக்கிறது.

கேள்வி: விளம்பரம் தந்தால்தான் செய்தி போடுவோம் என்கிறார்களே?

பதில்: அப்படிக் கேட்பது விளம்பரப் பிரிவு. நீங்கள் ஆசிரியர் குழுவுக்கு நேராக எழுதுங்கள். காசு கொடுத்து வரும் கட்டுரையில் 'விளம்பரம்' என்ற குறிப்பு இருக்கத்தான் வேண்டும். அது இல்லாமல் போடுகிற இதழை மில்காரர்களும் நம்புவதில்லை. ஆண்டின் சிறப்பிதழ்ப் பட்டியலைக் கேட்டு வாங்கி, சைமா டெக்ஸ்ஃபேர் போன்ற கண்காட்சி வரும் மாதமென்றால் இரண்டு மாதம் முன்பே அனுப்பிவிடுங்கள். செய்திக் குறிப்பை எல்லா இதழ்களுக்கும் அனுப்பலாம். தொழில்நுட்பக் கட்டுரையை மட்டும் ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்குக் கொடுக்காதீர்கள். செய்தியின் கீழே தரும் எண்ணில், டேப்பின் டென்ஷன் (இழுவிசை) பற்றிக் கேட்டால் உடனே பதில் சொல்லக்கூடியவர் இருக்க வேண்டும்.