டிஎன்எஃப் ஊசி போட்டால் அம்மாவின் எதிர்ப்பு சக்தி போய்விடுமா?

பினாங்கு மாநிலத்துப் பிறையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அம்மாவுக்கு 54 வயது, மூன்று வருடமாக முடக்குவாதம். வாரம் ஒருமுறை மெதோட்ரெக்சேட் மாத்திரை எடுத்தும் காலையில் ஒரு மணி நேரம் விரலை மடக்க முடியவில்லை, மணிக்கட்டு வீக்கம் வடியவில்லை, எப்போதும் அசதி. டிஎன்எஃப் என்ற புரதத்தைத் தடுக்கும் அடாலிமுமாப் ஊசி போடலாம், அதற்கு முன் டிபி பரிசோதனை செய்ய வேண்டும் என்கிறார் டாக்டர். "எதிர்ப்பு சக்தியே போய்விடும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். ஊசிக்குப் பதிலாக எதிர்ப்பு சக்தியைக் கூட்டுகிற மாத்திரை கொடுக்கலாமா? டிபி பரிசோதனையும் எதற்கு என்று புரியவில்லை, தோட்டத்தில் இருந்தபோது தாத்தாவுக்குத்தான் டிபி வந்தது, அம்மாவுக்கு வந்ததே இல்லை" என்று கேட்கிறார்.

தாத்தாவைப் பற்றிய அந்த வரியை டாக்டரிடம் சொன்னீர்களா? சொல்லவில்லை என்றால் முதலில் அதைச் சொல்லுங்கள். உங்கள் கடிதத்திலேயே முக்கியமான தகவல் அதுதான். ஏன் என்று சொல்கிறேன்.

நம் உடம்பின் பாதுகாப்புச் செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பச் சின்னச் சின்னப் புரதங்களை வெளிவிடுகின்றன. அவற்றுக்குச் சைட்டோகைன் என்று பெயர். டிஎன்எஃப் அதில் ஒன்று, இன்டர்லூக்கின் 6 இன்னொன்று. கிருமி நுழைந்தால் டிஎன்எஃப் அந்த இடத்து ரத்தக் குழாய்களைக் கசிய வைத்து வெள்ளை அணுக்களை வரவழைக்கும். வேலை முடிந்ததும் அடங்க வேண்டும். உங்கள் அம்மாவின் மூட்டுச் சவ்வில் கிருமியே இல்லாமல் அந்தச் செய்தி ஓயாமல் போய்க்கொண்டிருக்கிறது. அதனால் சவ்வு தடிக்கிறது, குருத்தெலும்பை அரிக்கும் நொதிகள் சுரக்கின்றன, எலும்பைக் கரைக்கும் செல்கள் கிளம்புகின்றன. அசதிக்கும் இதில் பங்கு உண்டு: இன்டர்லூக்கின் 6 மூளைவரை எட்டும், ஈரலைத் தூண்டி சிஆர்பி என்ற புரதத்தைச் சுரக்க வைக்கும் (ரத்தப் பரிசோதனைத் தாளில் பார்த்திருப்பீர்கள்), இரும்புச்சத்தை உடம்பு பயன்படுத்த விடாமல் ரத்தசோகையும் கொண்டுவரும்.

இத்தனை செய்திகள் இருக்கும்போது ஒன்றை மட்டும் நிறுத்தி என்ன பயன், இன்னொன்று அந்த வேலையைச் செய்துவிடுமே என்றுதான் 1980-களில் பலர் நினைத்தார்கள். லண்டனில் மார்க் ஃபெல்ட்மேன், ரவீந்தர் மைனி குழுவினர் நோயாளிகளின் மூட்டுச் சவ்வுச் செல்களை எடுத்து டிஎன்எஃப்-ஐத் தடுத்துப் பார்த்தபோது மற்ற சைட்டோகைன்களும் சேர்ந்து இறங்கின. 1992-ல் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் நோயாளிகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள், வீக்கம் வடிந்தது. உங்கள் அம்மாவுக்குச் சொல்லியிருக்கும் ஊசி அந்த வழியில் வந்ததுதான்.

அதனால் ஊசி போட்டால் எதிர்ப்பு சக்தி முழுவதும் போய்விடாது. ஒரே ஒரு செய்தி குறைகிறது. ஆனால் அந்தச் செய்தி வேறு என்ன வேலை செய்கிறது என்று கேட்க வேண்டும், இங்கேதான் தாத்தா வருகிறார். டிபி கிருமி உடம்புக்குள் போனால் பெரும்பாலானோருக்கு நோயே வராது. பாதுகாப்புச் செல்கள் அதைச் சுற்றி வளைத்துக் கட்டிபோல் அடைத்து வைத்துவிடும், கிருமி பல வருடம் அதற்குள்ளேயே தூங்கும். அந்த அடைப்பு உடையாமல் பிடித்து வைத்திருப்பது டிஎன்எஃப். சின்ன வயதில் தாத்தாவோடு ஒரே வீட்டில் இருந்த அம்மாவிடம் அப்படிக் கிருமி தூங்கிக்கொண்டிருக்கலாம். 2001-லேயே, இன்ஃபிளிக்சிமாப் என்ற இதே வகை மருந்து எடுத்தவர்களில் 70 பேருக்கு டிபி வந்த அறிக்கை வெளியானது. மலேசியாவில் டிபி இன்னும் சாதாரணமாக இருக்கும் நோய், ஆகவே இந்தப் பரிசோதனையைச் சடங்காக நினைக்காதீர்கள்.

நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பார்கள், தோலில் போடும் ஊசிப் பரிசோதனையோ ரத்தப் பரிசோதனையோ செய்வார்கள். டிபி வராமலிருக்கச் சின்ன வயதில் போட்ட பிசிஜி தடுப்பூசியால் தோல் பரிசோதனை தவறாகப் பாசிட்டிவ் காட்டலாம், ரத்தப் பரிசோதனைக்கு அந்தக் குழப்பம் இல்லை. தூங்கும் கிருமி இருப்பதாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அதற்கு மாத்திரை உண்டு, ஐசோனியசிட் என்றால் பொதுவாக ஆறு முதல் ஒன்பது மாதம், ஆனால் முதல் மாதம் முடிந்ததும் பெரும்பாலும் ஊசியைத் தொடங்கிவிடலாம். மெதோட்ரெக்சேட், ஐசோனியசிட் இரண்டுமே ஈரலைப் பாதிக்கக்கூடியவை என்பதால் ரத்தப் பரிசோதனைத் தேதியைத் தவறவிடாதீர்கள். ஹெபடைடிஸ் பி பரிசோதனையும் இதோடு சேர்த்துச் செய்வார்கள். அம்மாவுக்கு இருதயம் பலவீனமாக இருந்தால் அதையும் சொல்லுங்கள், மருந்தையே மாற்ற வேண்டியிருக்கும்.

சரி, எதிர்ப்பு சக்தி மாத்திரை? வேண்டாம். ஏற்கெனவே மிதமிஞ்சிப் போகும் செய்தியை இன்னும் கூட்டச் சொல்கிறீர்கள் என்றுதான் அதற்கு அர்த்தம். எனக்கு இன்னும் கவலை தருவது பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையிலும் ஆன்லைனிலும் விற்கும் மூட்டுவலி ஜாமு, அதாவது மூலிகை மருந்து. மூன்றே நாளில் வலி பறந்துவிட்டது என்பார்கள். அப்படிப்பட்ட பொருள்களில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறது. சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், திடீரென்று நிறுத்தினால் ஆபத்து. டப்பாவில் மால் (MAL) என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராமும் இல்லையென்றால் வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள்.

அடாலிமுமாப் வழக்கமாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, 40 மில்லிகிராம், தோலுக்கடியில் போடுவது. ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும், ஃப்ரீசரில் வைக்கக்கூடாது, வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிட்டுக் கடைக்குப் போகவும் கூடாது. டாக்டர் சொல்லாமல் மெதோட்ரெக்சேட்டை நிறுத்தாதீர்கள். இரண்டும் சேர்ந்தால்தான் உடம்பு ஊசி மருந்தையே எதிர்த்துப் புரதம் உண்டாக்குவது குறையும். எல்லாருக்கும் இந்த ஊசி பலிக்காது, மூன்று மாதத்தில் ஓரளவு தெரிந்துவிடும். பலிக்கவில்லை என்றால் இன்டர்லூக்கின் 6-ஐத் தடுக்கும் டோசிலிசுமாப் போல வேறு வழி இருக்கிறது.

அப்புறம் ஒன்று. ஊசி போடவேண்டிய நாளில் காய்ச்சல் இருந்தால் போடாமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். டிபி பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்திருந்தாலும், இரண்டு வாரம் தாண்டிய இருமல், இரவில் வேர்வை, காரணமில்லாமல் எடை குறைவது, கழுத்தில் நெறிகட்டுவது, இதில் எது வந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். இந்த மருந்து எடுப்பவர்களுக்கு டிபி வந்தால் பல நேரம் நுரையீரலுக்கு வெளியேதான் வருகிறது, இருமலே இருக்காது.